பேர் பொறிக்காத பழைய தோட்டாக் கருவி கிடைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது

போன வருஷம் புரசைவாக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தார்கள். வீட்டுக்காரர் என் நண்பர், பழைய சாமான் என்றால் எனக்கு ஆசை என்று தெரியும், அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார். அண்டா, உடைந்த ஊஞ்சல் சங்கிலி, திரி ஸ்டவ் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு சாக்கு இறங்கியது. உள்ளே மேஜை ஓரத்தில் மாட்டித் திருகுகிற கிடுக்கியோடு ஒரு இரும்புச் சாமான். ஒரு பக்கம் சுற்றுகிற கைப்பிடி, எதிர்ப்பக்கம் தள்ளுகிற நெம்புகோல், நடுவில் பாதிக் குழாயை வெட்டி வைத்த மாதிரி ஒரு தொட்டில். நண்பரின் அத்தை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்தக் காலத்து இடியாப்பக் குழல் போலிருக்கு தம்பி, அச்சுதான் காணோம்" என்றார்.

அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. அது 12 போர் (போர் என்பது துப்பாக்கிக் குழாயின் அளவு) காகிதத் தோட்டாவின் வாயை மடித்து மூடும் இயந்திரம். அத்தையின் மாமனார் காலத்தில் அந்த வீட்டில் லைசென்ஸோடு ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்திருக்கிறது. அவர் போன பிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்கள், இது மட்டும் சாக்குக்குள் தங்கிவிட்டது. மேலே எந்தக் கம்பெனி பேரும் இல்லை.

நான் அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். இரும்பும் பித்தளையும் மரையும் தினமும் கையில் புழங்குகிற பொருட்கள் என்பதால் இந்த மாதிரிச் சாமான்களை அடையாளம் காண எனக்கென்று ஒரு முறை படிந்திருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரே தப்பு, கையில் எடுத்ததும் "இது யார் செய்தது?" என்று பேரைத் தேடுவது. பேர் இல்லாத கருவியில் பேரைத் தேடினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். அது எந்தத் தோட்டாவைப் பிடித்தது, அந்தத் தோட்டாவுக்கு என்ன வேலை செய்தது என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டுக்கும் கருவியே பதில் சொல்லிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அடையாளம் காண்பதற்கான வழிகாட்டி மட்டும்தான். கருவியை ஓட்டிப் பார்ப்பது, தோட்டா நிரப்புவது, அச்சில் ஈயம் ஊற்றுவது எதையும் செய்யாதீர்கள். சட்டம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதல் வேலை, எதையும் துடைக்காமல் இருப்பது

புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். சில வருஷம் முன்னால் மரப்பிடி போட்ட ஒரு பித்தளை அளவைக் கிண்ணம் எனக்குக் கிடைத்தது. பச்சை பிடித்திருந்தது. தெரிந்த பாலிஷ் கடை ஒன்றில் கொடுத்தேன், லேசாகத் துடைத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். பஃப் சக்கரத்தில் வைத்து ஓட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பூஜை விளக்கு மாதிரி பளபளத்தது, ஆனால் தண்டில் இருந்த சின்ன எண்களில் பாதி மழுங்கிப் போயிருந்தது, ஒரு ஓரத்தில் இருந்த முத்திரை சுத்தமாகக் காணாமலே போயிருந்தது. அது என்ன முத்திரை என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

அதனால் காய்ந்த, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் படுக்கை வாக்கில், பரப்பை ஒட்டினாற்போல அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். முத்திரை ஒளிந்திருக்கிற இடங்கள் என்று என் அனுபவத்தில் சொல்வதானால் கிடுக்கியின் அடிப்பக்கம், சுற்றுகிற பிடி தண்டோடு சேரும் குமிழ், மரப்பிடியின் வெட்டு முகம், இடுக்கி மாதிரிக் கருவியானால் இரண்டு கையும் மூடும்போது உள்ளே மறைகிற பகுதி. சந்தேகமான இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறிவிடும், கருவிக்கும் சேதம் இல்லை.

கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய அச்சுகளில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஈயத்தின் துரு, குழந்தைகள் பக்கம் போகவே கூடாது. கருவியோடு சின்னத் தகர டப்பா இருந்தால் குலுக்காதீர்கள், திறக்காதீர்கள். உள்ளே கேப்பு, அதாவது தோட்டாவின் அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கிற சின்ன வெடி, இருக்கலாம். பழைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட் கலந்திருக்கும், ஒரு தட்டிலேயே வெடிக்கக் கூடிய பொருள். நிரப்பிய தோட்டா, கேப்பு, கறுப்புப் பொடி எது கண்ணில் பட்டாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 112க்கு போன் செய்யுங்கள்.

என்ன வேலை செய்கிற கருவி

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். சுட்டுப் போட்ட காலித் தோட்டாவைத் திரும்பப் பயன்படுத்த, அதன் அடியில் இருக்கிற பழைய கேப்பைத் தள்ளி எடுப்பது, புதுக் கேப்பைப் பொருத்துவது, வெடிமருந்தும் ரவையும் (சின்ன ஈயக் குண்டுகள்) அளப்பது, இரண்டுக்கும் நடுவில் தக்கை வைப்பது, வாயை மூடுவது என்று பல வேலைகள் இருந்தன. பழைய கருவி ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே கருவி செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அத்தை இடியாப்பக் குழல் என்று நினைத்தாரே, அந்த வாய் மடிக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். காலித் தோட்டா படுத்துக்கொள்ளத் தொட்டில். நெம்புகோலைத் தள்ளினால் தோட்டா நகர்ந்து போய் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் வாயை வைக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அந்தக் கிண்ணம் சுழலும். டார்ச் அடித்துக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன், சுவரை ஒட்டி உள்ளே நீட்டிக்கொண்டு சின்னச் சின்ன எஃகு முனைகள். அவற்றின் நுனி மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது, சுற்றிலும் ஒரே கறுப்பு. காகிதத் தோட்டாவின் வாய் அந்த முனைகளில் பட்டுச் சுழலச் சுழல, கைக்குட்டை ஓரத்தைச் சுருட்டித் தைப்பது போல விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு, மேலே வைத்த அட்டைத் தக்கையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தேய்ந்த நுனிகளைப் பார்த்ததும் இது வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று முடிவாகிவிட்டது. இடியாப்பக் குழலில் மாவு வெளியே வரத் துளை வேண்டும், இதில் மறுபக்கம் அடைப்பு. பாட்டிலுக்குத் தக்கை அடிக்கிற இயந்திரமும் இப்படிக் கிடுக்கியோடு வரும், ஆனால் அது தக்கையை நேராகத் தள்ளும், எதையும் சுற்றாது.

தொட்டிலின் ஓரத்திலோ கிண்ணத்திலோ ஒரு சின்ன வெட்டு, அதாவது குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு காடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பின்ஃபயர் தோட்டாவுக்கான கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தோட்டாவில் பக்கவாட்டில் ஒரு பித்தளை ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு இடம் விட்டுத்தான் கருவியைச் செய்தார்கள். பிரான்சில் லெஃபோஷே 1830களில் கொண்டுவந்த முறை அது. 1860களில் நடுவில் கேப்பு வைத்த சென்டர்ஃபயர் தோட்டா வந்ததும் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது. ஆகவே ஒரு சின்னக் காடி உங்கள் கருவியின் வயசையே சொல்லிவிடும்.

அடுத்து, பாக்குவெட்டி மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வைக்கிற சாமான். இரண்டு தாடையும் மூடும்போது நடுவில் உருண்டையாகவோ கூம்பாகவோ குழி அமைந்தால் அது ஈயக் குண்டு வார்க்கும் அச்சு. மேலே ஊற்றுவாயும், பெரும்பாலும் மிச்ச ஈயத்தை நறுக்கிவிட ஒரு தகடும் இருக்கும். சென்னையில் இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு, காசிமேடு, ராயபுரம் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு வார்க்கிற அச்சும் ஏறக்குறைய இதே உருவம்தான். கயிறு கோக்க வேண்டும் என்பதால் வலைக் குண்டில் நடுவில் துளை வேண்டும். அச்சின் குழிக்குக் குறுக்கே கம்பி வைக்கக் காடி இருந்தால் அது கடலுக்குப் போன அச்சு. துப்பாக்கிக் குண்டின் அச்சில் அது இருக்காது, குழியின் உட்பரப்பும் வழவழவென்று துல்லியமாகக் கடைந்திருக்கும்.

தக்கை வெட்டும் பஞ்ச் இன்னொன்று. புதுப்பேட்டையில் கேஸ்கெட் வெட்டுகிற பஞ்ச் எத்தனையோ பார்த்திருப்பீர்கள், அதே குடும்பம். கேஸ்கெட் பஞ்சில் அங்குலக் கணக்கோ மில்லிமீட்டரோ அடித்திருக்கும். தக்கைப் பஞ்சில் 12, 16 என்று வெறும் போர் எண் இருக்கும், வாயை அளந்தால் அந்த எண்ணோடு ஒத்துப்போகும். ஓரிரு எண் தள்ளியும் வரலாம், 12 போர் பித்தளைத் தோட்டாவின் சுவர் மெல்லியது என்பதால் அதற்கு 11 அல்லது 10 அளவுத் தக்கை போடுவார்கள்.

மரப்பிடியோடு, நீளம் கூட்டிக் குறைக்கிற பித்தளைக் கிண்ணம் என்றால் மருந்து, ரவை அளவை. மருந்துப் பக்கம் 3, 3¼, 3½ என்று டிராம் என்ற பழைய எடைக் கணக்கிலும் ரவைப் பக்கம் 1, 1⅛, 1¼ என்று அவுன்ஸ் கணக்கிலும் கோடு போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். சமையலறை ஆழாக்கில் இந்தப் பின்னங்கள் வராது.

இடுக்கி மாதிரி, ஒரு சாண் நீளத்தில், நிக்கல் முலாம் பூசி, தாடைப் பக்கம் ஒன்றிரண்டு மரைத் துளைகளோடு இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கப் பாணி. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி இந்த வடிவத்தைப் பரப்பியது. அது 1910இல் மார்லினுக்கும் 1925இல் லைமனுக்கும் கை மாறியது. இவை ரைஃபிள், ரிவால்வர் தோட்டாவுக்கானவை.

வெர்னியரை எடுங்கள்

வேலை என்ன என்று தெரிந்துவிட்டால் இனி அளவு. ஸ்கேல் போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் இன்னும் நல்லது, எஃகு மாதிரி பித்தளையைக் கீறாது.

போர் எண் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் குழப்பம் வராது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டையாக்கினால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாக இறங்குமோ அது 12 போர். ஒரு பவுண்டு 453.6 கிராம், ஆக ஒரு உருண்டை 37.8 கிராம், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். பவுண்டுக்கு 16 உருண்டை என்றால் ஒவ்வொன்றும் சிறிசாகத்தானே இருக்கும், அதனால்தான் எண் கூடக் கூடக் குழாய் சிறுக்கிறது. 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14 மில்லிமீட்டர். .410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது நேரடியாக அங்குல அளவு, 10.4 மில்லிமீட்டர்.

ஆனால் இது துப்பாக்கிக் குழாயின் அளவு. கருவி பிடிப்பதோ தோட்டாவின் வெளிப்பக்கத்தை, அதில் சுவரின் கனமும் சேரும். 12 போர் தோட்டாவின் உடம்பு 20.5 மில்லிமீட்டரை ஒட்டி வரும், அடி விளிம்பு 22.5. 16 போருக்கு உடம்பு 19க்குக் கொஞ்சம் குறைவு, 20 போருக்கு 17.5லிருந்து 17.8. புரசைவாக்கத்துத் தொட்டிலை அளந்தபோது 20.9 வந்தது. 12 போர் தோட்டா தளர்வாகப் படுக்க அது சரியான இடைவெளி. புதிதாக வருகிறவர்கள் 20.9 என்று பார்த்ததும் 18.5 இல்லையே, ஏதோ பெரிய போர் போல என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளளவா, வெளியளவா என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சுக் குழியை வெர்னியரால் அளப்பது கஷ்டம். குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை எடுத்து, குழிக்குள் முகப்பவுடர் தூவி, அமுக்கி மெதுவாக எடுத்து, அந்த உருவத்தை அளங்கள். 7.9 மில்லிமீட்டர் என்றால் .303, 10.8 என்றால் .44 வின்செஸ்டர், 11.5 பக்கம் என்றால் 1871இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். கருவியில் 44 டபிள்யூ.சி.எஃப். என்று அடித்திருந்தால் அதைச் செய்தவர் பேர் என்று நினைக்காதீர்கள், வின்செஸ்டர் சென்டர் ஃபயர் என்ற தோட்டா வகை அது.

கேப்பு எடுக்கிற கருவி கையில் இருந்தால் அதன் முனையையும் பாருங்கள். நேரான ஊசி என்றால் தோட்டாவின் அடியில், நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் முறை. கொக்கி மாதிரி வளைந்து குத்தி நெம்புகிற முனை என்றால் பெர்டான் முறை. இரண்டுமே 1860களில் வந்தவை, ஒன்று இங்கிலாந்து, இன்னொன்று அமெரிக்கா. பெர்டான் அமெரிக்கர், ஆனால் அவர் முறை பிடித்துக்கொண்டது ஐரோப்பாவில், பாக்ஸர் முறை அமெரிக்காவில். ஆகவே இதை வைத்து நாட்டை முடிவு செய்யாதீர்கள்.

மரையும் திருகும் மரமும்

பட்டறைக்காரன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி மேல் தனிப் பிரியம். மரை கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பாரிமுனையில் கருவிக் கடைகளில் கிடைக்கும். பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரை 60 டிகிரி. கால் அங்குலத் திருகில் இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான், எண்ணிப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, கேஜ் பல்லை வைத்து வெளிச்சத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கிடுக்கித் திருகு பெரும்பாலும் தனி வகை, அதை விட்டுவிட்டு மற்ற இணைப்புத் திருகுகளைப் பாருங்கள். மேலே டை (தோட்டாவை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) மாட்டுகிற துளை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்றால் அது பிற்கால பிரஸ். இன்றைக்கும் அந்த அளவுதான் புழக்கத்தில் இருக்கிறது. நட்சத்திரத் தலைத் திருகு ஒன்றாவது மூலத்திலேயே இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்கு முன்னால் அந்தக் கருவி போகாது. மூலத் திருகா, பின்னால் யாராவது மாட்டியதா என்று தலைக்கு அடியில் இருக்கும் துரு காட்டிக்கொடுக்கும்.

ஈட்டி மரப் பிடியும் பித்தளையும் சேர்ந்து வந்தால் பிரிட்டிஷ் பக்கம் சாயலாம். வைர வடிவ முத்திரை என்றால் 1842க்கும் 1883க்கும் நடுவில் பதிவான பிரிட்டிஷ் வடிவமைப்பு, 'ஆர்.டி.' போட்டு எண் என்றால் 1884க்குப் பிறகு. கையால் அரம் போட்ட தடம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மரை என்றால் உள்ளூர்ப் பட்டறையில் பார்த்துச் செய்த நகலாகவும் இருக்கலாம், என்னைக் கேட்டால் அதுவும் பாதுகாக்க வேண்டிய பொருள்தான்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பேர். ஷெஃபீல்டில் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி, பார்ட்ரம் என்று இந்தச் சாமான்களுக்குப் பேர் போன கம்பெனிகள் இருந்தன. டிக்சனின் அடையாளம் எக்காளம். துப்பாக்கிக் கடைகள் சரக்கை வாங்கித் தங்கள் பேரைப் பெட்டியில் மட்டும் ஒட்டி விற்பதும் சாதாரணம், அதனால் பெட்டி தொலைந்த கருவி பேரில்லாமல் நிற்கிறது. பழைய சாமான் விற்கிறவர்கள் பித்தளையும் ஈட்டி மரமும் பார்த்துவிட்டால் உடனே 'டிக்சன்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் பேருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சட்டம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள், தோட்டா' என்பதற்கான விளக்கத்துக்குள் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். அதாவது துப்பாக்கி இல்லை, மருந்து இல்லை, வெறும் கருவிதானே என்று நினைக்க முடியாது. 45ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு, மற்ற பாகங்களோடு சேர்த்து உபயோகப்படுத்தும் நோக்கமில்லாத சின்ன உதிரிப் பாகங்களுக்கு ஒன்று. ஆனால் உங்கள் சாமான் அதற்குள் வருமா என்பதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. வக்கீலைக் கேளுங்கள், அல்லது லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியைக் கேளுங்கள். சென்னையில் ஆயுத லைசென்ஸ் விஷயங்கள் வேப்பேரியில் இருக்கும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில்தான். வீட்டுப் பெரியவர் இறந்து லைசென்ஸ் முடிந்த நிலையில் கிடைத்தது என்றால் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் வியாபாரியிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆன்லைனில் விற்பனைக்குப் போடுவது, கூரியரில் அனுப்புவது இரண்டும் வேண்டவே வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய பொருள் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவதில் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரலாம்.

நாங்கள் போட்டோக்கள், அளவுகள், எந்தப் பரணில் எந்தத் தேதியில் கிடைத்தது என்ற விவரம், துப்பாக்கியை ஒப்படைத்த பழைய ரசீதின் நகல் எல்லாம் வைத்து அத்தை கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதினோம். ஸ்டேஷனில் வாங்கிப் பார்த்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அளவு எழுதிய தாள் இருந்ததால் இது என்ன என்று விளக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கருவியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டோம்.

உங்களிடம் பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பு இருக்க வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் அட்டை இப்படி இருக்கிறது: "காகிதத் தோட்டா வாய் மடிக்கும் இயந்திரம். 12 போர், சென்டர்ஃபயர். தொட்டில் உள்ளளவு 20.9 மி.மீ. வார்ப்பிரும்பு உடல், பித்தளைக் கிண்ணம், உள்ளே எஃகு முனைகள், நுனி தேய்ந்தது. ஈட்டி மரப் பிடி, ஒரு விரிசல். திருகுகள் விட்வொர்த் 55 டிகிரி. பின்ஃபயர் ஊசிக்கான காடி இல்லை. செய்தவர் பேர் இல்லை. பிரிட்டிஷ் பாணி. புரசைவாக்கம், வீட்டுப் பரண்." அத்தை அதைப் படித்துவிட்டு மாமனார் பேரையும் அதில் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.